இரங்கற் பிரசங்கம்

அநுதாபக் கூட்டங்களில் பேசுவோர் பலர், காலமானவரை விட்டுவிட்டுத் தம்மைப் பற்றியே பேசிவிடுகிறார்கள். "எனக்கும் அவருக்கும்" என்று ஆரம்பித்தால், சிறிது நேரத்தில் 'அவர்' மறைந்து 'நான்' மட்டுமே மேடையில் நிற்பதைப் பார்க்கிறோம். எதிரே அவருடைய குடும்பத்தார் உட்கார்ந்திருப்பது பிரசங்கிக்கு ஞாபகமே இருப்பதில்லை!

1948 ஜனவரி 30-ஆம் தேதி மாலை மகாத்மா சுடப்பட்டார். அன்றிரவே பண்டித நேரு அகில இந்திய ரேடியோவில் பேசினார். எழுதிய காகிதம் ஏதும் கையில் இல்லை. ஒளி அணைந்தது என்றார்; அடுத்த கணமே அப்படிச் சொன்னது பிசகு என்று தம்மைத் திருத்திக்கொண்டார். எழுதி வைத்துப் படிப்பவருக்கு அந்தத் திருத்தம் தோன்றியிராது என்றே எண்ணுகிறோம்.

ஆனால் நம் மனத்தை அதிகம் உருக்குவது பிற்பகுதி. உடலைப் பதனிட்டுச் சில நாள் வைத்திருக்கலாம் என்று நண்பர்கள் யோசனை கூறியதையும், மகாத்மா அதை ஒருபோதும் விரும்பாததையும் தெரிவித்தார். கோபத்தினால் யாரும் தகாத காரியம் செய்யலாகாது என்று கேட்டுக்கொண்டார். திகைத்து நின்ற ஜனங்களுக்கு, மறுநாள் காலை 11-30 மணிக்கு ஊர்வலம் புறப்படும், மாலை 4 மணி சுமாருக்கு யமுனைக் கரையில் தகனம் என்பதையும் அவரே சொன்னார்.