கரை ஒதுங்கினால்தான் கணக்கு

2017 மார்ச் மாதம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரைகளில் சிறுத்தைச் சுறாக்கள் ஒதுங்கத் தொடங்கின. முதுகில் கரும்பட்டைகள் ஓடும் சாதுவான மீன்; சேற்றடியில் நண்டும் புழுவும் தேடித் தின்னும். ஆகஸ்டு வரை நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. 1967-லும் இப்படி நடந்திருக்கிறது, 2006-க்குப் பிறகு விட்டுவிட்டு நடந்திருக்கிறது. காரணம் மட்டும் பிடிபடவே இல்லை.

இந்த முறை மாநில மீன்–வனவிலங்குத் துறையின் நோயியல் நிபுணர் மார்க் ஓகிஹிரோ செத்த சுறாக்களின் மண்டையைத் திறந்தார். மூளை அழற்சி கண்டிருந்தது. முதலில் பூஞ்சை என்றே சந்தேகப்பட்டார்கள். மூளையைச் சுற்றியிருந்த திரவம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்துக்குப் போனது. ஜோ டெரிசியின் ஆய்வுக்கூடத்தில் ஹன்னா ரெட்டலாக் அதிலிருந்த மரபணுத் துணுக்குகளை எல்லாம் வாசித்து, சுறாவுடையதைக் கழித்துவிட்டு, மிச்சம் யாருடையது என்று தேடினார். சிக்கியது மியாமியென்சிஸ் அவிடஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. கொரிய, ஜப்பானியப் பண்ணைகளில் தட்டைமீன்களைக் கொல்லும் அதே ஆசாமி. மூக்கு வழியாகப் புகுந்து மூளைக்குப் போயிருக்கிறது. அந்தக் குளிர்காலத்தில் கொட்டிய மழை, விரிகுடாவின் உப்பைக் குறைத்து அதற்கு வழிவிட்டிருக்கலாம் என்பது ஊகம்தான்.

இந்தத் துப்பு துலங்கியதில் அதிர்ஷ்டமும் உண்டு. மூளை கெட்டதால்தான் அந்தச் சுறாக்கள் திசை தவறிக் கரைக்கு வந்தன. சுறாவுக்கும் திருக்கைக்கும் மற்ற மீன்களைப் போலக் காற்றுப்பை கிடையாது. செத்தால் பெரும்பாலும் மூழ்கிவிடும். ஈரலைத் தின்னும் நோய் ஒன்று வந்தால் நமக்குச் சேதி எப்படி வரும்? கண்ணில் படாத நோயை இல்லை என்றே நம்பிவிடுவோம். ‘சுறாவுக்குப் புற்றுநோய் வராது’ என்று 1992-இல் ஒரு புத்தகமே வந்து, சுறாக் குருத்தெலும்பு மாத்திரைகள் அமோகமாக விற்றன. புற்றுநோய் வரும், கட்டியோடு பிடிபட்ட சுறாக்கள் ஆவணத்தில் இருக்கின்றன.

ஆகவே, உயிரோடிருக்கும்போதே பார்க்க வேண்டும். சுறாவைப் படகோரத்தில் மல்லாத்திப் பிடித்தால் பல இனங்கள் மயங்கியதுபோல் அடங்கிவிடும். வாலின் அடிப்பக்கத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தபின் விட்டுவிடலாம். தலைவலி அதற்குப் பிறகுதான். சுறாவின் சிவப்பணுவில் கரு உண்டு; மருத்துவமனை இயந்திரம் அதை வெள்ளணுவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும். ஒருவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கையால் எண்ண வேண்டும். யூரியா அளவோ, மனிதருக்கு இருந்தால் உடனே டயாலிசிஸுக்குத் தூக்கிப்போகும் அளவு. கடலின் உப்பைச் சமாளிக்கச் சுறாவுக்கு அதுதான் இயல்பு. தூண்டிலில் போராடிய களைப்பிலேயே, தசை உழைக்கும்போது சேரும் லாக்டேட் ரத்தத்தில் ஏறிவிடும். எது நோய், எது நாம் பிடித்ததன் விளைவு? ஒவ்வொரு இனத்துக்கும் நல்ல நாளிலேயே நிறைய ரத்தம் எடுத்து, இயல்பு இதுதான் என்று எழுதிவைத்திருந்தால்தான் பிரித்தறிய முடியும். பரபரப்பு இல்லாத வேலை. இதற்குப் பணம் ஒதுக்க யாருக்கும் அவசரமும் இருப்பதில்லை.

அதுவரை கண்ணில் பட்டதுதான் கணக்கு. 2023 கடைசியில் ஃபுளோரிடாத் தீவுகளை ஒட்டிய கடலில் மீன்கள் தட்டாமாலை சுற்றின. முதலில் கவனித்துச் சொன்னவர்களில் மீன்பிடி வழிகாட்டிகள் உண்டு. 2024-இல் திருக்கை இனத்து வேளா மீன்கள் செத்து விழுந்தன. அமெரிக்கா 2003 முதல் அழியும் நிலைப் பட்டியலில் வைத்துக் காத்துவரும் மீன் அது. கடலடிப் பாசிகளின் நச்சுகள்மேல் சந்தேகம் விழுந்தது. ஏப்ரலில் 11 அடி வேளா ஒன்றை மீட்டு மோட் கடல் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. பதிவான சாவு 50-ஐத் தாண்டியது. மக்கள் பார்த்துத் தகவல் சொன்னவைதான் அதில் பெரும்பாலும்.