தூரம் ஒன்று, நேரம் இரண்டு

தில்லி விமான நிலையத்திற்கும் கொல்கத்தா விமான நிலையத்திற்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,310 கிலோமீட்டர். இருப்புப்பாதை வழியே இதுவே சுமார் 1,450 கிலோமீட்டர். ராஜதானி விரைவு வண்டிக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டியதும் சென்றடைய வேண்டும் என்கிறது கணக்கு. ஆனால், பயணச்சீட்டில் நாம் காண்பது இரண்டேகால் மணி. சில வேளைகளில் இரண்டரை மணி. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்திருப்பது நம் நேரத்தையும் பணத்தையும் காக்க உதவும்.

எது பயண நேரம்?

பயணச்சீட்டில் உள்ளது வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல், சேருமிடத்தில் மீண்டும் நிறுத்தப்படுவது வரையிலான மொத்த நேரம் அது. இதனை 'பிளாக் டைம்' என்பர். ஓடுபாதை நோக்கி ஊர்தல், வரிசையில் காத்திருத்தல், மேலேறும்போதும் இறங்கும்போதும் குறையும் வேகம் அனைத்தும் இதில் அடங்கும்.

காற்றின் பங்கு

வட இந்தியாவின் மேல்வானில், குறிப்பாகக் குளிர்காலத்தில், மேற்கிலிருந்து கிழக்காகக் கடுங்காற்று வீசுகிறது. அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் எனக் கொள்வோம். கிழக்கே கொல்கத்தா செல்லும் விமானத்தின் வேகம் 930 ஆகிறது. பறக்கும் நேரம் ஏறத்தாழ 85 நிமிடம். தில்லி திரும்பும்போது வேகம் 730 ஆகக் குறைகிறது. நேரம் 108 நிமிடம். தூரம் மாறவில்லை, நேரம் 23 நிமிடம் கூடிவிட்டது.

நம் உரிமையும் இதனுள்

விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகளில் இழப்பீடு இந்த நேரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. உரிய முன்னறிவிப்பின்றி நிறுவனம் தன் காரணத்தால் பயணத்தை ரத்து செய்தால், கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு இழப்பீடும் வழங்க வேண்டும். ஒரு மணி நேரம் வரையிலான பயணத்திற்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500 ரூபாய், அதற்கு மேல் 10,000 ரூபாய் என்பது உச்ச வரம்பு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதனினும் குறைவாயின், அத்தொகையே கிடைக்கும். மூடுபனி போன்ற இயற்கைக் காரணங்களுக்கு இழப்பீடு இல்லை. முன்பதிவில் பயணியின் தொடர்பு விவரம் முறையாக இல்லாவிடினும் இழப்பீடு கோர இயலாது. ஆகவே, முகவர் வழியே பதிவு செய்வோர் தம் சொந்தக் கைப்பேசி எண்ணையே தருதல் நலம்.

திட்டமிடும்போது

கொல்கத்தாவிலிருந்து தில்லி வந்து, அங்கிருந்து ஸ்ரீநகர் செல்வோர் இரு பயணங்களையும் ஒரே பயணச்சீட்டில் பதிவு செய்வது பாதுகாப்பானது. தனித்தனியே வாங்கினால், முதல் விமானத்தின் தாமதத்திற்கு இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் தில்லியில் காலை மூடுபனி மிகுதி. அப்போது நண்பகலுக்குப் பிந்தைய விமானத்தைத் தேர்வது நன்று. பயணக் காப்பீடு எடுத்திருப்பின், விமான நிறுவனத்திடம் தாமதச் சான்றிதழ் பெற்று, ஏறும் அனுமதிச் சீட்டுடன் பத்திரப்படுத்துவோம். காப்பீட்டுத் தொகை கோரும்போது முதலில் கேட்கப்படும் ஆவணங்கள் அவையே.