அளவில்லாச் சாப்பாட்டின் அளவு

உணவு விடுதிகளின் வாயிலில் இரண்டு விதமான பலகைகளைக் காண்கிறோம். ஒன்றில் ‘அளவுச் சாப்பாடு’ என்றும், மற்றொன்றில் ‘முழுச் சாப்பாடு’ என்றும் எழுதியிருக்கும். முன்னதற்குச் சோறும் குழம்பும் இவ்வளவுதான் என்ற வரையறை உண்டு. மேற்கொண்டு வேண்டுமானால் தனியே காசு கொடுக்க வேண்டும். பின்னதற்கு விலை ஒன்றே. நாம் போதும் என்று சொல்லும்வரை சோறும் சாம்பாரும் ரசமும் மோரும் வந்துகொண்டே இருக்கும். திருச்சிராப்பள்ளியில் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும், ஜங்ஷன் பக்கத்திலும், ஸ்ரீரங்கத்திலும் நண்பகல் வேளையில் வாழையிலையின் முன் அமர்பவர்களில் பலர் இந்த இரண்டாவது பலகையை நம்பி வந்தவர்களே.

இரண்டு கரண்டிச் சோறு உண்ணும் முதியவரும் ஐந்து கரண்டி உண்ணும் இளைஞரும் ஒரே விலை கொடுத்துவிட்டு எழுந்து செல்கிறார்கள். இப்படி விற்கும் கடைக்காரர் நஷ்டப்படாமல் இருப்பது எங்ஙனம்? பலர் இவ்வாறு கேட்பதுண்டு. இதற்கு விடை தேடினால் கணக்கும் உடலியலும் பொருளாதாரமும் ஓர் இலையின் மேல் ஒன்றுசேர்வதைக் காணலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு விடுதிக்கு நண்பகலில் நூறு பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 20 பேர் சிற்றுண்டிக்காரர்கள். ஆளுக்கு 100 கிராம் அரிசியின் சோறு அவர்களுக்குப் போதும். 60 பேர் நடுத்தரம். ஆளுக்கு 150 கிராம். எஞ்சிய 20 பேர் நன்றாக உண்பவர்கள்; ஆளுக்கு 250 கிராம். எல்லாம் கூட்டினால் 16 கிலோ அரிசி. ஆகவே சராசரி, ஆளுக்கு 160 கிராம். கடைக்காரர் உலை வைப்பது இந்தச் சராசரிக்கே. விலை வைப்பதும் இதற்கே. இன்று வருபவர் யார், அவர் எவ்வளவு உண்பார் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் நூறு பேர் சேர்ந்து எவ்வளவு உண்பார்கள் என்பது ஏறக்குறைய நன்றாகவே தெரியும். ஆயுள் இன்ஷூரன்ஸின் அடிப்படையும் இதுவன்றோ? 1956-இல் தோன்றிய நம் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தனி ஒருவரின் ஆயுளைக் கணிப்பதில்லை; பல்லாயிரம் பேரின் சராசரியைக் கணிக்கிறது. சாப்பாட்டு விடுதிக்காரரும் தம்மளவில் ஓர் இன்ஷூரன்ஸ்காரரே.

இன்னும் ஒன்று. அரிசி கிலோ 60 ரூபாய் என்று கொள்வோம். மிகக் குறைவாக உண்பவருக்கு 6 ரூபாய் அரிசி. மிக அதிகமாக உண்பவருக்கு 15 ரூபாய் அரிசி. வேறுபாடு 9 ரூபாய்தான். கடை வாடகை, சமையற்காரர் சம்பளம், அடுப்பின் எரிபொருள், இலை, மின்சாரம் ஆகியவை இருவருக்கும் ஒன்றே. எனவே நன்றாக உண்பவரைக் கண்டு முதலாளி நடுங்க வேண்டியதில்லை. எது மலிவோ அதை அளவின்றி அளிக்கிறார். விலை மிகுந்த நெய் ஒரு கரண்டியோடு நிற்கிறது, பாயசம் ஒரு கிண்ணம், அப்பளம் ஒன்று. ‘அளவில்லை’ என்னும் சொல்லுக்குள்ளேயே இத்தனை அளவுகள் மறைந்து கிடக்கின்றன.

அடுத்தது உடலியல். வயதுவந்த ஒருவரின் இரைப்பை ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை சிரமமின்றிக் கொள்ளும். 250 கிராம் அரிசி வெந்தால் சுமார் முக்கால் கிலோ சோறாகிறது. அதனுடன் சாம்பாரும் ரசமும் மோரும் சேர்ந்தால் இரைப்பை தன் எல்லையை எட்டிவிடும். அது விரியும்போது அதன் சுவரிலுள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. சிறுகுடலிலிருந்து சுரக்கும் சில பொருள்களும் அதையே அறிவிக்கின்றன. இந்தச் செய்தி முழுமையாகப் போய்ச் சேரச் சுமார் இருபது நிமிடம் ஆகும் என்பர். நம் சாப்பாட்டு முறையில் இதற்கு இயல்பாகவே இடம் இருக்கிறது. முதலில் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், அதன்பின் ரசம், இறுதியில் மோர் என்று கட்டம் கட்டமாக உண்கிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் பரிமாறுபவர் வந்து, “சாதம் போடட்டுமா?” என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் இடையே வயிறு தன் விடையைச் சொல்லிவிடுகிறது. திருவள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தில் மூலிகைகளின் பட்டியலைத் தேடினால் கிடைக்காது; அதன் பெரும்பகுதி, அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுகிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமா என்றால், இல்லை. ஜப்பானில் ஒரே ஆண்டில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது. 1958-இல் தோக்கியோ நகரின் இம்பீரியல் ஓட்டலில், ஒரு விலை கொடுத்து வேண்டியதையெல்லாம் எடுத்து உண்ணும் உணவுக்கூடம் திறக்கப்பட்டது. அவ்வோட்டலின் தலைவர் இனுமாரு தெட்சுஸோ, வட ஐரோப்பிய நாடுகளில் நீண்ட மேசையில் பல பண்டங்களைப் பரப்பி வைத்து உண்ணும் முறையைக் கண்டு, அதைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். அந்நாடுகளின் பழங்காலக் கடலோடிகளை நினைவூட்டும்படி அதற்கு ‘வைக்கிங்’ என்று பெயரிடப்பட்டது. இன்றும் ஜப்பானியர் அத்தகைய விருந்தை அப்பெயராலேயே அழைக்கிறார்கள்.

அதே 1958-இல் ஒசாகா நகரை அடுத்து, ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் சுஷிக் கடை ஒன்றைத் திறந்தார். சுஷி என்பது காடியும் சர்க்கரையும் உப்பும் சேர்த்துப் பதப்படுத்திய சோற்றுப் பிடியின் மேல், பெரும்பாலும் பச்சை மீன் துண்டு வைத்துத் தரும் உணவு. பீர் ஆலையில் புட்டிகள் நகரும் பட்டையில் ஊர்ந்து செல்வதைப் பார்த்த அவர், தம் கடையில் சுஷித் தட்டுகளை அவ்வாறே வாடிக்கையாளரின் முன் ஊர்ந்துவரச் செய்தார். அங்கே உண்டபின் தட்டுகளை எண்ணிக் காசு கொடுக்க வேண்டும். ஆக, அளவின்றி உண்ணும் முறையும் எண்ணி உண்ணும் முறையும் அந்நாட்டில் ஒரே ஆண்டில் புதுக்கோலம் பூண்டன.

நம் ஊரிலும் இவ்விரு முறைகள் அருகருகே வாழ்கின்றன. திருவானைக்காவலில் 1943-இல் தொடங்கிய பார்த்தசாரதி விலாஸில் நெய்த் தோசை உண்பவர், தோசையை எண்ணித்தான் காசு கொடுக்கிறார். அளவில்லாத் தோசை என்று யாரும் பலகை மாட்டுவதில்லை. நெய்யின் விலையும், ஒவ்வொரு தோசையையும் தனித்தனியே வார்க்கும் உழைப்பும் அதற்கு இடங்கொடா. சோறோ ஓர் அண்டாவில் ஒருமுறை வெந்தால் நூறு பேருக்கு ஆகும்.

காலப்போக்கில் சுஷியையே அளவின்றித் தரும் விடுதிகள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிற நாடுகளின் பெருநகரங்களிலும் பெருகின. சோறு மலிவு, மீன் விலை மிகுதி. ஆகவே அவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. சில வாடிக்கையாளர் மேலுள்ள மீனை மட்டும் தின்று சோற்றை ஒதுக்கிவிடுவார்கள். இதனால் பல விடுதிகள் விதிகளை வகுத்துள்ளன: சோற்றையும் சேர்த்தே உண்ண வேண்டும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும், தட்டில் மிச்சம் வைத்தால் அதற்குத் தனி விலை. இவ்விதிகளைக் கூர்ந்து நோக்குங்கள். அதிகமாக உண்ணாதே என்று அவை சொல்லவில்லை. உண்ணாததை எடுக்காதே என்றுதான் சொல்கின்றன.

நான் வலியுறுத்த விரும்பும் கருத்தும் இதுவே. அளவில்லாச் சாப்பாட்டில் அதிகம் உண்பவர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அவர் பசி சராசரிக்குள் அடங்கிய பசி. இலையில் மிச்சம் வைப்பவரே தீங்கு செய்கிறார். ஏனெனில் வயிற்றுக்கு எல்லை உண்டு, இலைக்கு எல்லை கிடையாது. வீணாகும் சோறு எந்தச் சராசரிக்கும் கட்டுப்படாது. அது பெருகினால் விலையை உயர்த்துவதைத் தவிர விடுதிக்காரருக்கு வேறு வழியில்லை. விலை உயர்ந்தால் முதலில் விலகுபவர் குறைவாக உண்பவர்; அவர் அளவுச் சாப்பாட்டுக்கோ இரண்டு இட்லிக்கோ போய்விடுவார். எஞ்சியவர்கள் நிறைய உண்பவர்கள். ஆகவே சராசரி ஏறும். மறுபடியும் விலை ஏறும். இறுதியில் முழுச் சாப்பாட்டுப் பலகையையே கழற்ற நேரிடும். ஏழைத் தொழிலாளி ஒருவர் வயிறார உண்ணக்கூடிய ஓரிடம் அதனால் மறையும்.

இந்த வீணான செலவை யார் கொடுக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். நான் வசிக்கும் கைலாசபுரம், உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலைக்காக எழுந்த குடியிருப்பு. செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் ஒத்துழைப்போடு 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை அது. இத்தகைய பேராலைகளில் உணவகம் வைத்தே ஆகவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அத்தகைய உணவகங்களில் லாபநோக்கம் இல்லை. ஆகவே அங்கே வீணாவது முதலாளியின் லாபத்தைக் குறைப்பதன்று. பொதுப் பணத்தைக் குறைப்பது.

கல்லூரி விடுதிகளிலோ நிலைமை இன்னும் தெளிவானது. பல விடுதிகளில் மாதச் செலவைக் கூட்டி, மாணவர் தொகையால் வகுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிடுகிறார்கள். ஒருவன் மூன்று சப்பாத்தி எடுத்து இரண்டை எறிந்தால், அவ்விரண்டின் விலையை விடுதியிலுள்ள எல்லோரும் சேர்ந்து கொடுக்கிறார்கள். முந்நூறு பேர் உள்ள விடுதியில் அவன் பங்குக்கு அது சில காசும் ஆகாது. ஆகையால் அவனுக்கு உறைப்பதில்லை. முந்நூறு பேரும் அவ்வாறே எண்ணினால் மாதக் கடைசியில் எல்லோருக்கும் உறைக்கும். கடன் வாங்கி மகனைப் படிக்கவைக்கும் தந்தைக்கு அதிகமாகவே உறைக்கும்.

மாணவர் உணவைச் சராசரியால் கணக்கிடுவது நமக்குப் புதிதன்று. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் நடந்த கல்லூரியில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தனர். அவர்களுக்கு நாள்தோறும் ஆளுக்கு இவ்வளவு நாழி நெல் என்று வரையறுத்ததை அவ்வூர்க் கல்வெட்டு கூறுகிறது. தலைக்கு இவ்வளவு என்று வரையறுக்காமல் பெருங்கூட்டத்துக்குச் சோறு போட இயலாது என்பதை அன்றே அறிந்திருந்தார்கள்.

விலையே இல்லாத பந்தியும் உண்டு. ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் வழங்கும் திட்டம் 2012 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் 1982 ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. இங்கே உண்பவர் காசு கொடுப்பதில்லை; ஆயினும் யாரோ கொடுக்கிறார்கள். கோயிலில் பக்தரின் காணிக்கை. பள்ளியில் மக்களின் வரி. விலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் மிச்சம் வைக்காத கடமை கூடுகிறது.

உலக அளவில் இக்கடமை எவ்வாறு நிறைவேறுகிறது? 2022-ஆம் ஆண்டில் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலுமாக 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதில் 29 கோடி டன் உணவகங்களில் மட்டும் வீணானது. சோழநாடு சோற்றுக்குப் பெயர் பெற்றது. காவிரியில் நீர் வருமா என்று ஆண்டுதோறும் எதிர்நோக்கி, நாற்று விட்டு, களை பறித்து விளைவித்த நெல் அது. எறியும் பிடி ஒவ்வொன்றிலும் அந்த நீரும் உழைப்பும் சேர்ந்தே போகின்றன.

இதற்குப் பரிகாரம் எளிது. முதற்கரண்டிக்குமுன் சற்று எண்ணுங்கள். பரிமாறுபவர் கரண்டியை நீட்டும்போதே கையால் மறித்துச் சொல்லுங்கள். மறுசோறு கேட்பதில் வெட்கம் வேண்டாம். மறுக்கவும் கூச்சம் வேண்டாம். முழுச் சாப்பாட்டுக்குக் கடைக்காரர் அளவு வைப்பதில்லை என்றால், அந்த அளவை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார் என்பதே பொருள். அதை நாம் காப்பாற்றினால், பின்னால் வருபவருக்கும் அதே விலையில் அதே பந்தி கிடைக்கும்.