திருகாணியும் இரண்டு அளவுமுறைகளும்

மரத்தை அறுக்கும் தச்சருக்கு அங்குலமும் மில்லிமீட்டரும் ஒரு பெருக்கல் கணக்கு மட்டுமே. ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் உடன்பட்டுவிட்டன. ஆயினும் போல்ட்டு, நட்டு என நாம் வழங்கும் திருகாணியும் மரையும் அக்கணக்குக்கு எளிதில் அடங்குவன அல்ல.

திருகாணிக்கு விட்டம் மட்டும் தெரிந்தால் போதாது. புரியிடைத் தூரமும் புரியின் கோணமும் தெரிய வேண்டும். திருகு அளவியைக் கையாண்ட மாணவர்கள் புரியிடைத் தூரத்தை அறிவீர்கள். மெட்ரிக் முறையில் அதனை மில்லிமீட்டரில் நேரே சொல்வர். அங்குல முறையிலோ ஓர் அங்குலத்தில் எத்தனை புரிகள் என்பர். 25.4-ஐ அந்த எண்ணால் வகுத்தால் புரியிடைத் தூரம் கிடைக்கும்.

5/16 அங்குலத் திருகாணியின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர்த் திருகாணியின் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. ஆனால் அங்குலத்துக்கு 18 புரியுடைய முதலாவதின் புரியிடைத் தூரம் 1.41, சாதாரண மெட்ரிக் திருகாணிக்கு 1.25. ஒன்றின் மரையை மற்றொன்றில் ஏற்றினால் ஓரிரு சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். ஸ்பானரால் மேலும் முறுக்கினால் இரண்டும் பாழ்.

கோணத்திலும் தகராறு இருந்தது. 1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 55 பாகை என்றார். 1864-இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 என்றார். போர்க்காலத்தில் நேச நாடுகளின் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமற்போன பிறகே, 1948-இல், அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 60-க்கு இணங்கின. மெட்ரிக் புரிக்கும் அதே கோணந்தான்.

முரண்டு பிடிக்கும் திருகாணியை நான் நல்லதென்பேன். பொருந்துவதுபோல் நடிப்பதே பொல்லாதது. அங்குலத்துக்கு 32 புரியுடைய பத்தாம் எண் திருகாணியின் புரியிடைத் தூரம் 0.79, ஐந்து மில்லிமீட்டர் மரைக்கு 0.8. தடையின்றி ஏறும். ஆனால் அதன் விட்டம் 4.83 மட்டுமே, ஆகவே பிடிமானம் குறைவு.

இத்தகைய குறையின் விளைவை 1990 ஜூன் 10-இல் உலகம் கண்டது. பர்மிங்காமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட விமானம் 17,300 அடி உயரத்தில் இருந்தபோது முன்கண்ணாடி ஒன்று பெயர்ந்து பறந்தது. தலைமை விமானியின் பாதி உடல் வெளியே இழுபட்டது. பணியாளர்கள் அவரைப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி சௌதாம்ப்டனில் இறக்கினார். அனைவரும் பிழைத்தனர். புதிதாகப் பொருத்திய 90 திருகாணிகளுள் 84 விட்டத்தில் 0.66 மில்லிமீட்டர் குறைந்தவை. மெட்ரிக் குழப்பம் அன்று, இரண்டும் அங்குல வகையே; புரியும் ஒன்றே, 32. கண்ணளவால் ஒப்பிட்டு எடுத்ததே பிழை.

பட்டறைகளில் சீப்புப்போல் பல் வெட்டிய தகடுகளைக் கொண்ட புரி அளவி உண்டு. ஒளி புகாமல் புரியில் படியும் தகட்டின் எண்ணே புரியின் அளவு. எனினும் 0.79-ஐயும் 0.8-ஐயும் அதனாற் பிரித்தறிதல் அரிது. அங்கே விட்டத்தை வெர்னியர் அளவியால் அளந்தே தீர வேண்டும்.