கதம்பம் என்றால் மணக்காதா?

'ஆயிரத்தில் ஒருவன்' பாட்டு என்றாலே எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. 1965ல் வந்த எம்.ஜி.ஆர். படத்தைச் சொல்லவில்லை. 2010 பொங்கலுக்கு வந்ததே, செல்வராகவன் படம், அது! இசை ஜி.வி.பிரகாஷ்குமார். 1279ல் பாண்டியரிடம் தோற்ற சோழர்கள் இளவரசனை மட்டும் ரகசியமாகக் கடல் கடந்து அனுப்ப, அந்த வம்சம் வியட்நாம் பக்கம் ஒரு தீவில் ஒளிந்து வாழ்வதாகக் கற்பனைக் கதை.

"ஒண்ணு கிளப்புல ஆடுற மாதிரி, இன்னொண்ணு கோயில்ல பாடுற மாதிரி... இது படமா, பொருட்காட்சியா?" என்பார் என் மாமியார். கொழுந்தனுக்கோ தனுஷ், ஆண்ட்ரியா எல்லாம் சேர்ந்து பாடிய 'உன்மேல ஆசதான்' போதும். "மத்ததை எல்லாம் தள்ளி விடுங்க அண்ணி" என்பான். பாட்டு சொல்லித்தரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 'பெம்மானே' மட்டும்தான் பாட்டு. "பி.பி.ஸ்ரீநிவாசையும் பாம்பே ஜெயஸ்ரீயையும் சேர்த்துப் பாட வெச்சாரே, அதுக்காகவே அந்தப் பிள்ளையைப் பாராட்டணும்" என்பார். பாட்டுகள் வெளியான 2009ல் அந்தப் பிள்ளைக்கு 22 வயதுதான். ஸ்ரீநிவாசோ எண்பதை நெருங்கியவர்!

என் கட்சி வேறு. கதையில் இரண்டு காலம் இருக்கிறது. இந்தக் காலத்து ஆட்கள் பாடினால் இங்கிலீஷ் கலந்த இன்றைய தாளம். சோழர்கள் வாயைத் திறந்தால் செந்தமிழ். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் தப்பு. எங்கள் ஊர் காரைக்கால் அம்மையாரையே பாருங்களேன். திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் ஈசன் ஆடுவதைப் பாடும்போது ஏழு சுரங்களையும் சொல்லி, தக்கை, துந்துபி, வீணை, மத்தளம், குடமுழா என்று வாத்தியங்களையும் ஒரே பாட்டில் அடுக்கி விடுகிறார். அதை யாராவது கலப்படம் என்றோமா?

இன்னொன்று. கதை கற்பனை என்றாலும், வியட்நாம் எங்கள் ஊருக்குக் கற்பனை இல்லை. 1954 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அவர்களே ஆண்ட சைகோனுக்கு இங்கிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் எத்தனையோ பேர் பிழைக்கப் போனார்கள். தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. என் மாமியாரின் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். பணம் வந்தது, கடிதம் வந்தது, அவர் வரவில்லை.

படத்தில் அந்தச் சோழ ஜனங்கள், தாய்நாட்டிலிருந்து தூதுவன் வருவான், நம்மை அழைத்துப் போவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். விஜய் யேசுதாசும் நித்யஸ்ரீ மகாதேவனும் பாடிய 'தாய் தின்ற மண்ணே'யில் அந்த ஏக்கம்தான் இருக்கிறது. பொருட்காட்சி என்று கிண்டல் செய்யும் மாமியார், இது வந்தால் மட்டும் அரிசி புடைக்கிற முறத்தைக் கீழே வைத்து விடுவார். "ஊரை விட்டுப் போனவங்க பாடினா இப்படித்தான் இருக்கும்" என்றார் ஒருநாள்.

என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. அவருக்கும் இந்தப் பாட்டுதான் பிடிக்குமாம். ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம்.

தோழிகளே! வீட்டில் பிள்ளைகள் பாட்டுப் போட்டால் 'ஒரே இரைச்சல்' என்று நிறுத்தச் சொல்லாதீர்கள். கொஞ்சம் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். கதம்பத்தில் மல்லியும் இருக்கும், மருவும் இருக்கும், தவனமும் இருக்கும். யாருக்கு எது பிடிக்கிறது என்று கவனித்தால் போதும்... வாயால் சொல்லாத மனக்குறைகூட நமக்குப் புரிந்துவிடும்.

- ஒரு வாசகி, காரைக்கால்.