நோயின் பெயரை அறிவதும் உரிமையே: ஏலமலை அடிவாரத்திலிருந்து ஒரு கோரிக்கை

போடிநாயக்கனூரிலிருந்து நாள்தோறும் அதிகாலையில் ஜீப்புகள் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தம்பாறைப் பகுதிகளின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலித் தொழிலாளர்களைக் கொண்டுசெல்கின்றன. அவர்களுள் தலித் பெண்கள் ஏராளம். அவர்கள் வீட்டில் விட்டுச்செல்லும் குழந்தை மாதக்கணக்கில் இருமினால், எடை கூடாமல் மெலிந்தால், அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: சத்துக்குறைவு, சளி, காசநோய். மூன்றுமே நம் குடியிருப்புகளில் உள்ளவைதாம். ஆனால், நான்காவது காரணம் ஒன்றும் இருக்கக்கூடும். அது அரிதாகவே தேடப்படுகிறது. அந்நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.

நோய் எத்தகையது?

இது தொற்றுநோயன்று, பெற்றோர் வழி வரும் மரபணுக் குறைபாடு. 1989இல் கண்டறியப்பட்ட சி.எஃப்.டி.ஆர். என்னும் மரபணு, உயிரணுக்களினூடே உப்பும் நீரும் சென்றுவருவதை ஒழுங்குபடுத்துகிறது. அதன் பழுதுற்ற படி தாய், தந்தை இருவரிடமும் ஒவ்வொன்று இருந்தாலும் அவர்கள் நலமாகவே இருப்பர். ஆயினும், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

நோயுற்ற குழந்தையின் நுரையீரலில் சளி பசைபோல் கெட்டியாகிக் கிருமிகளுக்கு இருப்பிடமாகிறது. கணையத்தின் செரிமான நொதிகள் குடலை எட்டாமையால், உண்ட உணவு உடலில் சேர்வதில்லை. வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறுகிறது. கோடையில் அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஏன் தவறவிடப்படுகிறது?

இதை 'வெள்ளையர் நோய்' என்று கருதும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இந்தியக் குழந்தைகளிடமும் இது உண்டு என்பதை நம் நாட்டு மருத்துவர்களே நிறுவிப் பல்லாண்டுகள் ஆகின்றன. இருந்தும், காசநோய் என்றோ ஆஸ்துமா என்றோ மருந்து தரப்பட்டு ஆண்டுகள் வீணாவது தொடர்கிறது. இங்கேதான் சாதியும் வர்க்கமும் நுழைகின்றன. வசதியான வீட்டுக் குழந்தை மெலிந்தால் காரணம் தேடப்படுகிறது. காலனிக் குழந்தை மெலிந்தால் காரணம் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியல் சாதியினரை மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. உள்ளே சென்றபின் நோயைத் தேடாமல் விடுவதைக் குற்றமாக்க அப்பிரிவு போதாது. அங்கே நமக்குத் துணைநிற்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு. இரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்ற ஒரு கூலித் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் பல திருப்பியனுப்பின. பச்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி தொடுத்த அவ்வழக்கில், நிதியில்லை என்று கூறி அரசு மருத்துவக் கடமையிலிருந்து விலக முடியாது என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரிய நோயுற்ற ஒரு ரிக்‌ஷா தொழிலாளியின் மகனுக்கு இலவசச் சிகிச்சை தருமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது.

2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கையில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இடம்பெற்றுள்ளது. 2022 முதல் நோயாளி ஒருவருக்கு 50 இலட்சம் ரூபாய் வரை உதவி பெற வழியுண்டு. ஆனால், அவ்வுதவி உயர்சிறப்பு மையங்கள் வழியாகவே கிடைக்கும். தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அத்தகைய மையம். அது போடியிலிருந்து 500 கி.மீ.க்கு அப்பால் உள்ளது. நோயின் பெயரே தெரியாத தாய், எதற்கென்று விண்ணப்பிப்பார்?

2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிரைகாஃப்டா என்னும் மருந்தின் விலை அங்கே ஆண்டுக்கு மூன்று இலட்சம் டாலருக்கு மேல். காப்புரிமைக்கு எதிரான போராட்டம் தேவையே. ஆனால், அம்மருந்து வரும்வரை காத்திராமல் இங்கேயே செய்யத்தக்கவை பல.

நாம் கோருவன

முதலாவது, வியர்வையிலுள்ள குளோரைடை அளக்கும் சோதனை. லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருப்பது இந்நோயின் வலுவான அறிகுறி. ஊசி குத்தாமலே செய்யக்கூடிய இச்சோதனை, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தடையின்றிக் கிடைக்க வேண்டும். மீண்டும் மீண்டும் நிமோனியா வரும் குழந்தையும், காசநோய் மருந்துக்குக் குணமாகாத குழந்தையும் அங்கே அனுப்பப்பட வேண்டும்.

இரண்டாவது, நொதி மாத்திரை, வைட்டமின்கள், நெபுலைசருக்கான உப்புக் கரைசல், நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவை போடி அரசு மருத்துவமனையிலேயே மாதந்தோறும் வழங்கப்பட வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெரிதும் உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. அன்றாட மருந்துச் செலவை அது தாங்காது.

மூன்றாவது, சளியை வெளியேற்றும் இயன்முறைப் பயிற்சி. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை மருத்துவரை வீட்டுக்கே அனுப்புகிறது. இக்குழந்தைகளையும் அதில் சேர்த்துப் பாட்டிமாருக்கும் பயிற்சி தரலாம்.

நான்காவது, இந்நோயுள்ள இருவர் ஒரே அறையில் காத்திருந்தால் ஒருவரின் கிருமி மற்றவரைத் தொற்றும். எனவே தனித்தனி இடம் வேண்டும். ஒதுக்கிவைக்கப்பட்ட வரலாறுடைய மக்களிடம், இது தீண்டாமையன்று, பாதுகாப்பே என்பதை ஊழியர்கள் மதிப்போடு விளக்க வேண்டும்.

ஐந்தாவது, 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர் குடும்பத்தின் மருத்துவ வசதியைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. கேரளத்தில் உழைத்து இரவில் தமிழ்நாட்டுக்குத் திரும்பும் நாட்கூலிப் பெண்ணின் குழந்தையை நடைமுறையில் அக்கடமை எட்டுவதில்லை. இரு மாநில அரசுகளும் கூடிப்பேசி இந்த இடைவெளியை அடைக்க வேண்டும்.

மாணவத் தோழர்கள் இன்றே தொடங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மாவட்ட மருத்துவமனையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வியர்வைச் சோதனை உண்டா? ஐந்தாண்டுகளில் எத்தனை குழந்தைகளுக்குச் செய்யப்பட்டது? இல்லையெனில் அவர்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள்? 30 நாட்களில் வரவேண்டிய அந்தப் பதிலே நம் வழக்கின் முதல் ஆவணமாகும்.