பொதுவியல் அரங்கில் ஒரு மெலிவுக்குரல்

யாழ்ப்பாணம் என்னும் பெயர்க்குக் காரணம் கூறப்புகுந்த நம் முன்னோர், யாழ் வல்ல பாணன் ஒருவன் தன் இசைக்குப் பரிசிலாக இந்நிலத்தைப் பெற்றான் என்னும் ஐதிகத்தை யாழ்ப்பாண வைபவமாலையிற் பதிந்து வைத்தனர். வரலாற்றாசிரியர் அதனை எவ்வாறு மதிப்பிடினும், ஒரு பாடகன் பெயரால் தம் நாட்டை அழைத்துக்கொள்ள இந்நாட்டு மக்கள் நாணவில்லை என்பது அதனாற் பெறப்படும். ஆயினும், பாடிப் பிழைப்பார் எல்லாரையும் நாம் ஒருபடித்தாக மதிப்பதில்லை. கோயிற் பண்ணிசையையும் சபைக் கச்சேரியையும் கலையென்போம். விருந்து மண்டபத்தில் உண்போர்க்கும் குடிப்போர்க்கும் முன்னே பாடுவோரைக் கலைஞரென்று கூறத் தயங்குவோம். இத்தயக்கம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை, அத்தகைய மண்டபத்திலே தொடங்கி நாடறிந்த புகழெய்திய உஷா உதுப் அம்மையாரின் இசை வாழ்வு கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நமது மரபு கூறுவதை நோக்குவாம். சிலப்பதிகார அரங்கேற்று காதை கூத்தினை இருவகைப்படுத்தும். வேந்தர் முன்னிலையில் நிகழ்வது வேத்தியல். ஏனை மக்கள் முன்னிலையில் நிகழ்வது பொதுவியல். இவ்விரு திறத்து நாட்டிய நூலையும் நன்கு கடைப்பிடித்தவனே நன்னூற்புலவன் எனப்படுவான். பொதுவியல் இழிந்தது என்று அந்நூல் ஒதுக்கவில்லை. ஆற்றுப்படை நூல்களில் வரும் பாணரும் பொருநரும் விறலியரும் ஊனும் கள்ளும் பெருகிய விருந்துகளின் நடுவே பாடியவர்களே. ஆகவே, கேட்போர் உண்டார் என்பதனாலோ குடித்தார் என்பதனாலோ பாட்டின் தகுதி குறையும் என்பது பழந்தமிழர் கொள்கையன்று.

இனி, மேனாட்டில் எழுந்த இரு கலைவகைகளைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். கபரே என்பது மேசைகளில் அமர்ந்து உண்ணும் விருந்தினர்க்குச் சிறு மேடையொன்றில் பாட்டும் நகைச்சுவையும் ஆடலும் வழங்கும் நிகழ்ச்சி. பாரிசு நகரின் மொம்மார்த் பகுதியில் 1881ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'லெ ஷா நுவார்', அதாவது 'கருப்புப் பூனை', இவ்வகை மன்றங்களுக்கு முன்மாதிரியாயிற்று. கச்சேரிச் சபையில் கேட்போர் இசைக்காகவே வந்திருப்பர். அங்கே அமைதி பாடகர்க்கு முன்கூட்டியே வழங்கப்படுகிறது. கபரேயிலோ பாடகர் அவ்வமைதியைத் தாமே ஈட்டுதல் வேண்டும். தட்டுகளின் ஓசையையும் உரையாடலையும் தம் குரலால் வெல்லாதார்க்கு ஆங்கு இடமில்லை.

ஜாஸ் என்பது அமெரிக்காவின் தென்பகுதியில், நியூ ஓர்லியன்ஸ் நகரை நிலைக்களமாகக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற இசை. அடிமைகளாய்க் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் தம் உழைப்புப் பாட்டையும் துயரப் பாட்டையும் தேவாலயப் பாட்டையும் ஐரோப்பிய வாத்தியங்களோடு இணைத்து இதனை ஆக்கினர். எழுதப்பட்ட மெட்டை ஆதாரமாகக் கொண்டு, மேடையிலேயே புதிது புதிதாகக் கற்பித்து இசைத்தல் இதன் உயிர்நாடி. நல்லூர்க் கந்தன் திருவிழாவில் நாதசுரக் கலைஞர் இராகத்தை விரித்துச் செல்லத் தவில் வித்துவான் கணக்கு மாறாது எதிர்பாராத சொற்கட்டுகளைக் கோத்துத் தருவதைக் கேட்டவர்க்கு இவ்வியல்பை விளக்க வேண்டுவதில்லை. நம்மவர் மனோதர்மம் என்று போற்றுவதும் ஜாஸ் கலைஞர் போற்றுவதும் முறையால் வேறாயினும் கருத்தால் நெருங்கியவை.

இவ்விசை இந்தியாவுக்கு வந்தது அண்மைக் காலத்தன்று. 1935ஆம் ஆண்டிலேயே லியோன் அபி என்னும் கறுப்பினக் கலைஞர் தம் குழுவோடு பம்பாய்த் தாஜ்மகால் ஹோட்டலில் வாசித்தார். பியானோக் கலைஞர் டெடி வெதர்போர்ட் கல்கத்தாவில் தங்கி வாசித்து 1945இல் அங்கேயே காலமானார். இவர்களிடம் கேட்டும் பழகியும் கற்ற கோவா நாட்டுக் கலைஞர் பலர் பின்னர்த் திரைப்பட வாத்தியக் குழுக்களிற் சேர்ந்தனர். ஆகவே ஜாஸின் சாயல், அதன் பெயரை அறியாத கோடிக்கணக்கான செவிகளுக்கும் திரைப்பாடல் வழியாக எட்டியது.

இச்சூழலில், 1947ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர் உஷா. தந்தையார் காவற்றுறை அதிகாரி. மூத்த சகோதரியரும் பாடுவோரே. வீட்டில் மேனாட்டு இசையும் இந்துஸ்தானி இசையும் கருநாடக இசையும் வேறுபாடின்றிக் கேட்கப்பட்டன. ஆயினும் பள்ளி இசைவகுப்பில் அவர்க்கு இடங்கிடைக்கவில்லை. அவர் குரல் கனமாகவும் தாழ்வாகவும் இருந்தமையால் ஏனைய சிறுமியரின் குரலோடு பொருந்தாதென விலக்கப்பட்டார். தாளக்கருவி தட்டும் வேலையே அவர்க்கு விதிக்கப்பட்டது. முறையாக இசை பயிலாமலே அவர் வளர்ந்தார்.

இக்குரல் ஏன் விலக்கப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. குரலின் நிலைகளை நம் இசைநூலார் மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுப்பர். மேனாட்டார் பெண்குரலிற் தாழ்ந்து ஒலிப்பதனைக் கொன்றால்டோ என்பர். மெலிவுத் தானத்திலே வளமும் வலிமையும் உடைய குரல் அது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டின் பாடகர் மேற்சுருதியையே நாடவேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் கிட்டப்பா முதலியோர் கோலோச்சிய நாடக மேடைகளும் நம் யாழ்ப்பாணத்து இசைநாடகக் கொட்டகைகளும் இதற்குச் சான்று. பின்னர்த் திரையுலகிலும் பெண்குரல் என்றால் மெல்லிய, உயர்ந்த குரலே என்னும் வழக்கு நிலைபெற்றது. ஆனால் 1920களில் மின்சார ஒலிவாங்கி வழக்குக்கு வந்தபின், தாழ்ந்த குரலும் காதருகே பேசுவதுபோற் பெருங்கூட்டத்தைச் சென்றடையும் வழி பிறந்தது. மேனாட்டில் ஜாஸ் பாடகியர் பலர் இவ்வழியாலேயே புகழ்பெற்றனர். கருவி மாறியது, பள்ளிகளின் செவி மாறவில்லை. இந்துஸ்தானி இசையிற் கங்குபாய் ஹங்கல் அம்மையாரும் ஆண்குரலை ஒத்த கனத்த குரலோடு பெரும்புகழ் எய்தியமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

பள்ளி மறுத்த இடத்தை வானொலி அளித்தது. அவ்வானொலி நம் நாட்டு வானொலி என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதொன்று. 1952இல் பி. வி. கேஸ்கர் இந்திய ஒலிபரப்பு அமைச்சரானபின் அகில இந்திய வானொலியிற் திரைப்பாடல்கள் ஒதுக்கப்பட்டன. அதனால் இந்திய நேயர்கள் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைத் திருப்பிக் கேட்கலாயினர். கொழும்பு அலைவரிசை இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் வீட்டுக்கு வீடு ஒலித்தது. அவ்வானொலிக்குப் பெரும்பெயர் தேடித்தந்த அறிவிப்பாளர் அமீன் சயானி, ஒன்பது வயதுச் சிறுமியாகிய உஷாவுக்கு 'ஓவல்ரின்' இசைநிகழ்ச்சியிற் பாட வாய்ப்பளித்தார். அங்கு எவரும் அவர் குரலைப் பிறர் குரலோடு பொருத்திப் பார்க்கவில்லை.

1969ஆம் ஆண்டு, சென்னை மவுண்ட் ரோட்டிற் சபையர் படமாளிகைக் கட்டடத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' என்னும் இரவு விருந்து மன்றத்தில் அவர் பாடலானார். அக்காலத்து மன்றப் பாடகியர் மேனாட்டு உடையணிந்தே மேடையேறுவர். உஷாவோ பட்டுச்சேலை உடுத்து, பூச்சூடி, நெற்றியிற் பொட்டிட்டு நின்று ஆங்கில ஜாஸ் பாட்டுகளைப் பாடினார். வேறு உடை வாங்க வகையற்று இதனை அவர் செய்தாரல்லர். தம் வீட்டுப் பெண்டிர் உடுத்ததை உடுத்தார், அவ்வளவே. ஆயினும் அதன் விளைவு பெரிது. அவ்வுடையைக் கண்டபின், குடும்பத்தோடு வந்தோரும் அம்மன்றத்தில் இருந்து கேட்கக் கூசவில்லை. இடத்தின் இயல்புக்குத் தம்மை மாற்றிக்கொள்ளாது, தம் இயல்பினால் இடத்தை மாற்றியவர் அவர் எனலாம்.

சென்னையிலிருந்து பம்பாய் 'ரோக் ஒப் த ரவுண்' மன்றத்துக்கும், அங்கிருந்து கல்கத்தாப் பார்க் வீதியில் உள்ள 'திரிங்காஸ்' உணவகத்துக்கும் சென்றார். அந்நாளில் உஷா ஐயர் என்று அறியப்பட்ட இவர், திரிங்காஸிற் சந்தித்த கேரளத்தவரான ஜானி உதுப்பைப் பின்னர் மணந்தார். அந்நகரையே தம் ஊராகவும் கொண்டார். டில்லியில் ஒரு ஹோட்டலில் அவர் பாடக் கேட்ட நடிகர் தேவ் ஆனந்த் குழுவினர் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' (1971) என்னும் படத்திற் பாட அழைத்தனர். 1980களின் தொடக்கத்திற் பப்பி லாஹிரியின் இசையமைப்பில் 'பியாரா துஷ்மன்', 'அர்மான்', 'டிஸ்கோ டான்சர்' ஆகிய படங்களுக்குப் பாடிய பாட்டுகள் அவர் குரலை ஊர்தோறும் கொண்டு சென்றன. தமிழிலே, குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்த 'மேல்நாட்டு மருமகள்' (1975) படத்திலும், இளையராஜாவின் இசையில் 'அஞ்சலி' (1990) படத்திலும் அவர் பாடினார். கருநாடக இசையின் வயலின் மேதையே அவர் குரலை விரும்பி ஆண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

அவரது பன்முகத் திறமைக்கு அடிப்படை மொழியிடத்து அவர் காட்டிய மதிப்பேயாகும். 15க்கு மேற்பட்ட இந்திய மொழிகளிலும் பல பிறநாட்டு மொழிகளிலும் அவர் பாடியுள்ளார். கேரளத்தில் மலையாளப் பாட்டும், வங்கத்தில் வங்காளப் பாட்டும், கிழக்காபிரிக்காவின் நைரோபியிற் சுவாகிலிப் பாட்டும் பாடுவார். கேட்போரின் மொழியிற் பாடுதல் வெறும் உத்தியன்று. அது விருந்தோம்பலுக்கு விருந்தினர் செய்யும் கைம்மாறு. வங்க எழுத்தாகிய 'க'வைப் பொட்டிற் பொறித்து அணிவதும் தம்மை ஏற்ற நகருக்கு அவர் காட்டும் நன்றியேயாம்.

ஆயினும் எதிர்ப்பு எழாமலில்லை. 1980களில் மேற்கு வங்க அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி அவர் பாட்டைப் பண்பாட்டுச் சீர்கேடு எனக் கண்டித்து, அரசாங்க மண்டபங்களில் அவர் பாடுவதைத் தடுக்க முயன்றார். அம்மையார் நீதிமன்றத்தை நாடினார். தீர்ப்பு அவர் பக்கமாயிற்று. எதிர்த்தாரின் அச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டென்பதை நாம் மறுத்தலாகாது. வணிக ஆரவாரம் நாட்டார் இசையையும் சாத்திரிய இசையையும் நெருக்கிவிடும் என்ற கவலை இன்றும் உண்டு. ஆனால் ஒரு கலையைக் காப்பதற்குரிய வழி, அதனைக் கற்பித்தலும் கேட்டலும் ஆதரித்தலுமே. மற்றொரு கலைஞரின் வாயை அடைத்தலன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிற் சதிர் என இகழப்பட்ட ஆடல், இன்று பரதநாட்டியமாகி நம் கல்லூரி மேடைகளிற் போற்றப்படுகின்றது. ஒரு தலைமுறை சீர்கேடு என்றதை மறுதலைமுறை செல்வம் என்றதற்கு இஃது ஒன்றே சாலும்.

பிறர் ஆக்கிய பாட்டைத் தமதாக்கிப் பாடுவதே உஷா உதுப் அம்மையாரின் தனிச்சிறப்பு. தாமே எழுதித் தாமே மெட்டமைத்துத் தாமே பாடும் மரபுக்கு நம் யாழ்ப்பாணத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்ப் பொப்பிசையின் முன்னோடியாகிய நித்தி கனகரத்தினம், 'சின்ன மாமியே' முதலிய பாட்டுகளிற் குடாநாட்டுப் பேச்சுவழக்கையும் அங்கதத்தையும் கித்தார் இசையோடு இணைத்தார். 2018இற் காலமான ஏ. ஈ. மனோகரன், சிங்களப் பைலா இசையைத் தமிழர் நாவிற் பயிலச் செய்து, 'சிலோன் மனோகர்' என்று தமிழ்நாட்டிலும் அழைக்கப்பெற்றார். இவர்களையும் அக்காலத்துப் பெரியோர் சிலர் விளையாட்டுப் பாட்டுக்காரர் என்றே எண்ணினர். அப்பாட்டுகளோ இன்று புலம்பெயர்ந்த நாடுகளின் திருமண விழாக்களிற் பேரப்பிள்ளைகளாலும் பாடப்படுகின்றன. ஒரு சமூகம் தன் நகையையும் பேச்சையும் எதிற் பாதுகாக்கும் என்பதை முன்கூட்டி யாரும் துணிதல் அரிது.

இந்திய அரசாங்கம் 2011ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும், 2024ஆம் ஆண்டு பத்மபூஷண் விருதும் அம்மையார்க்கு வழங்கியது. '7 கூன் மாஃப்' (2011) என்னும் படத்திற் பாடிய பாட்டுக்கு, அறுபதைக் கடந்த அகவையில், ரேகா பரத்வாஜுடன் பிலிம்பேர் விருதையும் பெற்றார். சிறுவயதிற் பாடத்தகாதெனப்பட்ட குரலே நாடு போற்றும் குரலாயிற்று.

இவ்வாழ்வு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உணர்த்துவது யாது? சுருதி சுத்தம் வேண்டும், தாளக்கட்டு வேண்டும், பயிற்சி வேண்டும் என்பவற்றில் ஐயமில்லை. இவற்றில் ஆசிரியர் தளர்தல் கூடாது. ஆனால் குரலின் தன்மை வேறு, குரலின் பிழை வேறு. சுருதி விலகுவது பிழை, அதனைத் திருத்தலாம். கனமாய் இருப்பது தன்மை. அதற்குத் திருத்தம் வேண்டா, அதற்கேற்ற சுருதியும் பாட்டுமே வேண்டும். கூட்டிசையில் ஐந்தரைக் கட்டையிற் பாடமுடியாத சிறுமியை வரிசையிலிருந்து நீக்குதல் எளிது. அவளுக்கென மூன்று கட்டையில் ஒரு பாட்டைத் தேடுதல் அரிது. அவ்வரிய செயலே ஆசிரியத் தொழில். உஷா உதுப் அம்மையார்க்கு ஒரு வானொலி கிடைத்தது. நம் வகுப்பறைகளில் இருப்போர் அனைவர்க்கும் அத்தகைய நல்வாய்ப்பு வருமென்பது உறுதியன்று. ஆதலால், முதல் வாய்ப்பை அளிக்கும் பொறுப்பு பள்ளிக்கே உரியது.